சிறை யாருக்குக் கணக்குச் சொல்கிறது? காவிரிப் படுகையும் திருச்சி மத்திய சிறையும்

1. படுகையும் அதன் சிறைகளும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களில் மத்திய சிறை ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டின் ஒன்பது மத்திய சிறைகளில் படுகைக்கு உரியது அதன் மேற்கு வாசலில் 1865இல் கட்டப்பட்ட திருச்சிராப்பள்ளி மத்திய சிறை. கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற ஊர்களில் இருப்பவை கிளைச்சிறைகள், பேச்சுவழக்கில் சப்-ஜெயில். சில வாரம் ரிமாண்டில் இருப்பவருக்குக் கிளைச்சிறை போதும். நீண்ட தண்டனை பெற்றவரும், குண்டர் சட்டத்தில் அடைபட்டவரும், போராட்டத்தில் மொத்தமாகக் கைதானவர்களும் பெரும்பாலும் திருச்சிக்குத்தான் போக வேண்டும். வேதாரண்யத்திலிருந்து அந்த மதில்வரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். உள்ளே இருப்பவரை நேரில் காண்பதற்கு, சிறைவழக்கில் ‘மனு பார்ப்பதற்கு’, கூலிக் குடும்பம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் வர முடியும். பேருந்துச் செலவு தனி.

சிறையில் மாலை அடைப்பு நேரத்தில் கைதிகளை எண்ணிக் கணக்கு ஒப்புவிப்பது ஒருநாளும் தவறாத சடங்கு. அந்தக் கணக்கு தலைமைக் காவலரிடமிருந்து சிறை அலுவலருக்கும், அவரிடமிருந்து கண்காணிப்பாளருக்கும் மேல்நோக்கிப் போகிறது. உள்ளே இருக்கும் மனிதர்களின் நிலை பற்றி வெளியே வரும் கணக்கு எது, அதை யார் கேட்கிறார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

சிறை பற்றிய பொதுப் பேச்சு வழக்கமாக நெரிசலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கு இடமுண்டு. அடைபட்டிருந்தவர்கள் 5,73,220 பேர். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். தமிழ்நாட்டுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அதே கணக்கில் இங்குள்ள சிறைகளின் மொத்தக் கொள்ளளவு நிரம்பியிருக்கவில்லை. 2021 கணக்கில் மாநிலத்தில் 142 சிறைகள் இருந்தன. ராஜஸ்தானுக்கு அடுத்து இதுவே அதிகம். அவற்றில் 96 கிளைச்சிறைகள். சிறு சிறு சிறைகளாகப் பரந்து கிடக்கும் அமைப்பு இது. இடநெருக்கடி குறைவு என்பதாலேயே இங்கே நிர்வாகம் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வது எளிது. பரந்து கிடப்பதால் வரும் சிக்கல் வேறு வகையானது: சிறை சிறிதாகச் சிறிதாக அதைப் பார்க்கும் கண்களும் குறைகின்றன.

2. விளக்குக்கு ஆடு, கச்சேரிக்குள் ஜெயில்

அடைத்து வைப்பதையே தண்டனையாகக் கொள்வது படுகைக்குப் பழைய வழக்கமன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் தற்செயலான கொலைக்குக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் தர வேண்டும் என்று தீர்ப்பளித்த செய்திகள் உண்டு. ஒரு விளக்குக்குப் பொதுவாகத் தொண்ணூற்றாறு ஆடுகள். குற்றவாளி ஊரிலேயே இருந்தார்; ஈடு கோயிலுக்குப் போனது. அந்த முறையைப் போற்ற வேண்டியதில்லை. அதே கல்வெட்டுகள் காட்டும் சமூகத்தில் தண்டனை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஆனால் தண்டனையும் ஈடும் ஊரறிய நடந்தன, கல்லிலும் ஏறின என்பது கவனிக்கத்தக்கது.

1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனியிடம் வந்தபின் மாவட்டத் தலைமையிடம் நாகப்பட்டினத்திலும், 1845இல் டேனியர் தரங்கம்பாடியை விற்றபின் அங்கும், பிறகு தஞ்சாவூரிலுமாக இடம் மாறியது. தாலுகாதோறும் கச்சேரி எழுந்தது. கருவூலம், கோர்ட்டு, சப்-ஜெயில் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பது சென்னை மாகாணத்தின் பொது அமைப்பு. சப்-மாஜிஸ்திரேட்டே பதவி வழியில் கிளைச்சிறையின் கண்காணிப்பாளர். ஒருவரை அடைக்க உத்தரவிட்ட கை, அடைபட்டவரின் சோற்றுக்கும் உடம்புக்கும் பொறுப்பான கையாகவும் இருந்தது. இந்த ஏற்பாட்டில் வசதி உண்டு, சுதந்திரமான மேற்பார்வை இல்லை. நீதித்துறை நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு, கிளைச்சிறைகள் படிப்படியாகச் சிறைத்துறையின்கீழ் வந்த பிறகும் கட்டடங்கள் பல பழைய இடத்திலேயே நின்றன. படுகையின் நடுவே காரைக்கால் 1954வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அங்குள்ள கிளைச்சிறை இன்றும் புதுச்சேரி அரசின் கீழ் உள்ளது. திருநள்ளாற்றில் பிடிபடுபவரும் பேரளத்தில் பிடிபடுபவரும் வெவ்வேறு அரசுகளின் சிறைக்குப் போகிறார்கள்.

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமே இந்த நிர்வாகத்தின் முதுகெலும்பு. சிறைத்துறைத் தலைவர், கண்காணிப்பாளர், மருத்துவ அலுவலர், சிறை அலுவலர் என்று அது வகுத்த படிநிலை பெயர் மாறினாலும் உரு மாறவில்லை. 1919-20இல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த இந்திய ஜெயில் குழு, கைதியைத் திருத்துவதும் சிறையின் வேலை என்று எழுதியது. கார்டியூ சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தவர். சிறை மாகாணப் பொருளாயிற்று. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையிலும் மாநிலப் பட்டியலில் 4ஆம் இனமாகவே நின்றது. 1980-83இல் நீதிபதி ஏ. என். முல்லா குழு, 1986-87இல் பெண் கைதிகள் பற்றி நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் குழு, 2018இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழு என்று பரிந்துரைகள் குவிந்தன. தமிழ்நாடு தன் சிறை விதிகளை 1983இல் புதுப்பித்தது. தாய்ச் சட்டம் அதே 1894ஆம் ஆண்டினதுதான்.

3. ஆள்பவர்கள், காவல் நிற்பவர்கள்

துறையின் முழுப்பெயர் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. தலைமையில் இந்தியக் காவல் பணி அதிகாரி. அவருக்குக் கீழே சரகத் துணைத் தலைவர்கள், மத்திய சிறைக் கண்காணிப்பாளர்கள். சிறை அலுவலர்களை அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாம் நிலைச் சிறைக் காவலர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் காவலர், தீயணைப்போர் தேர்வோடு ஒரே அறிவிக்கையில் எடுக்கிறது. ஒரே தேர்வை எழுதி, ஒரே மைதானத்தில் ஓடி, ஒருவர் ரோந்துக்குப் போகிறார், மற்றவர் மதிலுக்குள் போகிறார். சிறைக் காவலர் பணி தனித்த ஒரு தொழில் என்பதை இந்த முறை மறைத்துவிடுகிறது. காவல்துறையின் வேலை குற்றம் சாட்டுவது. சிறைத்துறையின் வேலை, சாட்டப்பட்டவரை உயிரோடும் மரியாதையோடும் நீதிமன்றத்திடம் திருப்பித் தருவது. இந்த வேறுபாட்டைக் கற்பிக்கவே 1979இல் வேலூரில் தென்மாநிலங்களுக்கான சிறை நிர்வாகப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

சிறைக்குள் நடப்பவை எல்லாம் சிறைத்துறையின் கையிலும் இல்லை. கைதியை வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கு அழைத்துப்போகும் வழிக்காவல் மாவட்ட ஆயுதப்படையிலிருந்து வர வேண்டும். திருவிழா, தலைவர் வருகை, காவிரி மறியல் என்று ஏதாவது வந்தால் வழிக்காவலுக்கு ஆள் இருக்காது, வாய்தா தள்ளிப்போகும். கிளைச்சிறைக் கைதிக்கு நோய் வந்தால் அரசு மருத்துவமனையை நாட வேண்டும். பிணை ஆணை கோர்ட்டிலிருந்து வர வேண்டும். கைதிக்கு ஏதாவது நேர்ந்தால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டும் வாய்ப்பு இந்த அமைப்பிலேயே உண்டு.

ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கக் காலனி நிர்வாகம் கண்ட வழி, கைதியையே காவலராக்குவது. நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதி கைதிக் காவலராக உயர்த்தப்பட்டார். 1894 சட்டத்தின் 23ஆம் பிரிவு அவரைப் பொது ஊழியர் என்றே கொள்கிறது. செலவு மிச்சம். ஆனால் சக கைதியின்மீது கைதிக்கு அதிகாரம் கொடுத்தால் அடித்தவர் யார், அடிக்கச் சொன்னவர் யார் என்று பிரித்தறிய முடியாமல் போகும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 1976இல் சென்னை மத்திய சிறையில் நடந்தது காட்டியது.

4. பார்வையாளர் ஏடு

சிறைக்கு வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும் என்பது புதுக் கருத்தன்று. 1894 சட்டத்தின் 12ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ஏடுகளைச் சொல்கிறது: கைதிகள் பதிவேடு, விடுதலைத் தேதிகளின் ஏடு, தண்டனை ஏடு, இவற்றோடு பார்வையாளர் ஏடு. சிறை நிர்வாகம் பற்றிப் பார்வையாளர் கண்டதை அதில் எழுதலாம். மாவட்ட நீதிபதி, ஆட்சியர் முதலியோர் பதவி வழிப் பார்வையாளர்கள். அரசு நியமிக்கும் குடிமக்கள் அலுவல்சாராப் பார்வையாளர்கள்.

ஏட்டளவில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடைப்பது அரிது. நடப்பில் மூன்று குறைகள். அலுவல்சாராப் பார்வையாளரை நியமிப்பது, யாரைப் பார்வையிட வேண்டுமோ அந்த அரசே. நியமிக்காமல் விடவும் அதனால் முடியும். ஆட்சியருக்கு நெல் கொள்முதல், வெள்ள நிவாரணம், மேட்டூர் திறப்பு என்று நூறு வேலை. சிறைப் பார்வை அட்டவணையின் அடியில் கிடக்கும். மூன்றாவதே முக்கியமானது. எழுதிய குறிப்பு சிறைத்துறைக்குள்ளேயே சுற்றி வருகிறது. பார்வையாளர் என்ன கண்டார் என்பதைப் படுகையில் வசிக்கும் கைதியின் மனைவி அறிய வழியில்லை.

முன்னாள் தலைமை நீதிபதி ஆர். சி. லகோட்டி 2013இல் எழுதிய கடிதத்தைப் பொதுநல வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 1,382 சிறைகளின் நிலை குறித்த அந்த வழக்கில் பார்வையாளர் குழுக்களை உடனே அமைக்க உத்தரவிட வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு மேலாக ஏட்டில் இருக்கும் ஒன்றை நடைமுறைப்படுத்த நாட்டின் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட நேர்ந்தது என்பதே அந்த ஏற்பாட்டின் மீதான மதிப்பீடு.

சிறை மரணத்துக்குச் சட்டம் சற்றுக் கூடுதலாகச் செய்திருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 1993 டிசம்பரிலேயே காவல் மரணங்களை 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்கச் சொன்னது. 2006இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் காவல்துறைக் காவலிலோ நீதிமன்றக் காவலிலோ நேரும் மரணத்தை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்றது. அது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் உள்ளது. மரணத்துக்கு முந்தைய நிலைகளுக்கு, அதாவது அடிக்கும் அவமதிப்புக்கும் மறுக்கப்பட்ட மருந்துக்கும், இத்தகைய தானியங்கி விசாரணை எதுவும் இல்லை.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல்நிலையத்திலிருந்து தந்தையும் மகனும் கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். நாடு முழுக்க எழுந்த கோபம் காவல்நிலையத்தை நோக்கிச் சென்றது, அது நியாயமே. ரிமாண்டு செய்யும் நடுவரும், சேர்க்கைச் சான்று தரும் மருத்துவரும், உள்ளே எடுத்துக்கொள்ளும் கிளைச்சிறையும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த உடல்களைப் பார்த்திருக்க வேண்டியவர்கள். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கிளைச்சிறைச் சேர்க்கை நடப்பது இதே மூன்று படிகளில்தான்.

5. 1958: புதைக்கப்பட்ட உடல்கள்

படுகைக்கும் திருச்சிச் சிறைக்கும் உள்ள உறவு அரசியல் உறவாகவே பெரிதும் நினைவில் நிற்கிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தஞ்சை மாவட்டம் வழியே வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த ராஜாஜி, கைதானபின் அதே திருச்சிக்குக் கைதியாகத் திரும்பினார். நடைப்பயணிகளுக்குச் சோறும் இடமும் தருபவர்களுக்குச் சிறை என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி 1953இல் கல்லக்குடிப் போராட்டத்துக்காகத் திருச்சியிலும், 1965இல் பாளையங்கோட்டையிலும் சிறை இருந்தார். தமிழில் சிறை பற்றிய எழுத்தின் பெரும்பகுதி இத்தகைய தலைவர்களின் நினைவுக் குறிப்புகளே. அவற்றில் சிறை ஒரு தவச்சாலையாகவோ தியாகத்தின் மேடையாகவோ வருகிறது. அரிசி எவ்வளவு, மருந்து யார் தந்தார், புகார் எங்கே போனது என்ற கேள்விகள் ஓரமாக நிற்கின்றன.

1957-58 நிகழ்வு அந்த ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தது. 1957 நவம்பர் 3 அன்று தஞ்சாவூரில் நடந்த திராவிடர் கழகத் தனி மாநாட்டில், சாதியைக் காக்கும் அரசமைப்புப் பிரிவுகளைக் கொளுத்தும் போராட்டத்தைப் பெரியார் அறிவித்தார். போராட்டத்தைத் தடுக்க, மூன்றாண்டுவரை தண்டிக்கும் சட்டம் ஒன்று சென்னைச் சட்டமன்றத்தில் அவசரமாக நிறைவேறியது. நவம்பர் 26 அன்று ஆயிரக்கணக்கானோர் கொளுத்தினர். சுமார் 3,000 பேர் தண்டனை பெற்றனர் என்பது கழகத்தின் கணக்கு. எளிய தொழிலாளிகளும் விவசாயிகளும் அதில் மிகுதி. படுகையிலிருந்து பெருந்தொகையினர் திருச்சிச் சிறையை நிறைத்தனர்.

1958 மார்ச்சில் பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி ஆகிய இருவரும் திருச்சிச் சிறைவாசத்தில் அடுத்தடுத்து இறந்தனர். ஒருவர் படுகையின் தென்கோடிக்காரர், மற்றவர் கொள்ளிடக் கரைக்காரர். உடல்களை வெளியே தராமல் சிறை நிர்வாகமே புதைத்தது என்றும், பெரியாரின் துணைவியார் மணியம்மையார் சென்னை சென்று முதலமைச்சர் காமராசரிடம் முறையிட்ட பிறகே தோண்டியெடுத்துத் தரப்பட்டன என்றும் கழக வரலாறு பதிவு செய்கிறது. அவை திருச்சியில் ஊர்வலமாக எடுத்துச்செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன.

நிர்வாகத்தின் பார்வையில் இவை நோயால் நேர்ந்த மரணங்கள். இயக்கத்தின் பார்வையில் மோசமான உணவும் கவனிப்பின்மையும் செய்த கொலைகள். எது சரி என்பதை முடிவு செய்யும் சுதந்திரமான விசாரணை நடந்திருந்தால் இந்த இரண்டு கூற்றுகளும் இன்றுவரை தனித்தனியே நிற்க வேண்டியிருந்திருக்காது. இந்த நிகழ்வின் உள்ளே ஒரு நிர்வாகக் கேள்வி இருக்கிறது: சிறையில் இறந்தவரின் உடல் யாருக்குச் சொந்தம்? சிறை நிர்வாகம் அதைத் தன் பொறுப்பிலுள்ள பொருளாகக் கருதியது. குடும்பம் இல்லாமல், செய்தி தராமல், தன் மதிலுக்குள் காரியத்தை முடித்துக்கொள்ளத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நம்பியது. அந்த நம்பிக்கையை உடைத்தது பார்வையாளர் ஏடும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. ஓர் இயக்கமும் முதலமைச்சரின் அறைவரை போகக்கூடிய ஒரு பெண்ணும். கட்சி இல்லாத ஒரு கைதி அதே வாரத்தில் அங்கே இறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கழக வரலாறு அந்த இருவரையும் போராளிகளாகப் போற்றுகிறது. அது அவர்களுக்கு உரியதே. ஆனால் தியாகமாக நினைவுகூர்ந்ததாலேயே, சிறை விதியை மாற்றும் கோரிக்கையாக அந்தச் சாவு வளரவில்லை. 1967இல் ஆட்சிக்கு வந்தவர்களில் பலர் சிறை கண்டவர்கள். அவர்கள் அமர்ந்த அமைச்சரவையும் 1894 சட்டத்தைக்கொண்டே சிறைகளை ஆண்டது.

6. நாகூர் நீதிபதியின் விசாரணை

ஆட்சி செய்தவர்கள் மீண்டும் சிறைக்குப் போன காலம் 1976. நெருக்கடி நிலையின்போது மிசா என்னும் உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டத்தில் அடைபட்டவர்கள் பிப்ரவரி மாதம் சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர் சி. சிட்டிபாபு 1977 தொடக்கத்தில் இறந்தார். நெருக்கடி நிலை நீங்கியபின் விசாரணைக்கு அமர்த்தப்பட்டவர் நாகூரில் பிறந்தவரும் கம்ப இராமாயண அறிஞருமான நீதிபதி மு. மு. இஸ்மாயில். சிட்டிபாபுவின் நாட்குறிப்பு உட்படச் சான்றுகளை ஆய்ந்த ஆணையம், சிறைப் பணியாளர்களும் கைதிக் காவலர்களும் மிசா கைதிகளை அடித்ததை ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் ஒரு சிறையின் உட்புறம் பொதுவெளியில் இத்தனை நுணுக்கமாக விரித்து வைக்கப்பட்ட வேறு தருணம் அரிது. அது நடக்க நாட்டில் ஓர் ஆட்சி வீழ வேண்டியிருந்தது. அடிபட்டவர்களில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் ஓர் எதிர்கால முதலமைச்சரும் இருக்க வேண்டியிருந்தது.

7. பிரித்து வைத்தல்

தமிழ்நாட்டுச் சிறை விதிகள் கைதிகளை வகுப்பாகவும் பிரிக்கின்றன. கல்வியும் சமூக நிலையும் வாழ்க்கைப் பழக்கமும் உயர்ந்தவருக்கு முதல் வகுப்பு: கட்டில், தனி உணவு. காலனி ஆட்சி படித்த அரசியல் கைதிகளைச் சமாளிக்கக் கண்டுபிடித்த இந்தப் பிரிவு குடியரசிலும் தொடர்வது வெட்கப்பட வேண்டிய செய்தி. வெளியே மெத்தையில் படுத்தவருக்கு உள்ளேயும் மெத்தை. வெளியே தரையில் படுத்தவருக்கு உள்ளேயும் தரை.

இதனினும் கடுமையானது சாதிப் பிரிப்பு. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகத் தனித்தனியே கைதிகளை அடைப்பதை மோதல் தவிர்க்கும் நடவடிக்கை என்று அரசு வாதிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் அதை ஏற்றது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வையை மறுத்தது. ஒழுங்கு காக்கும் வசதிக்காகச் சாதியை அளவுகோலாக்கக் கூடாது என்றது. சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாதவை என அறிவித்தது. பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. வழக்கைத் தொடுத்தவர் ஒரு பத்திரிகையாளர். இங்கும் ஓட்டையைக் கண்டது துறையின் கண் அல்ல.

8. பெயரில்லாத சிறை

திருச்சி மத்திய சிறை வளாகத்திலேயே வேறொரு வேலி உண்டு. அயல்நாட்டவரைக் குறித்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரால், பெரும்பாலும் இலங்கைத் தமிழர்களை, வைத்திருந்த சிறப்பு முகாம் அது. ஆள்வது சிறைத்துறை அல்ல. மாவட்ட வருவாய் நிர்வாகம். உள்ளே இருப்பவர் சட்டப்படி கைதி அல்ல. வெளியே போகவும் முடியாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் இலங்கையர் நால்வரும் சிறையிலிருந்து இறங்கி இந்த முகாமுக்குள் ஏறினார்கள். அவர்களில் சாந்தன் 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் உயிர்விட்டார். மற்ற மூவரும் அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

சிறை என்று பெயர் இருந்தால் பார்வையாளர் ஏடு, தண்டனைக் கழிவு, முன்விடுதலை, நடுவர் விசாரணை ஆகியவற்றைக் கேட்கும் உரிமை பின்தொடரும். முகாம் என்று பெயர் வைத்தால் அவையெல்லாம் கழன்றுவிடும். ‘எப்போது விடுவார்கள்?’ என்ற கேள்விக்கு ஆயுள் கைதிக்குக்கூடத் தோராயமாக ஒரு விடை உண்டு, முகாம்வாசிக்கு இல்லை. உண்ணாவிரதம் அங்கே அடிக்கடி நடந்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

9. தேதி இல்லாதவர்கள்

தீர்ப்பு வராமலே உள்ளே இருப்பவர்கள் 2022இல் நாடு முழுவதும் 4,34,302 பேர். நான்கு கைதிகளில் மூவர். தமிழ்நாட்டின் தனித்தன்மை தடுப்புக்காவல். 2021 கணக்கில் நாட்டின் தடுப்புக்காவல் கைதிகளில் சுமார் பாதிப்பேர் இம்மாநிலத்தவர். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், மக்கள் சொல்லும் குண்டர் சட்டம், கள்ளச்சாராயத்தில் தொடங்கி மணல் குற்றம்வரை விரிந்திருக்கிறது. காவிரியும் கொள்ளிடமும் ஓடும் மாவட்டங்களில் மணலுக்கு அதில் இடம் கிடைத்தது இயல்பே. ஆட்சியர் ஆணையிட்டால் 12 நாளில் அரசு ஒப்ப வேண்டும். மூன்று வாரத்தில் ஆலோசனைக் குழுவுக்குப் போக வேண்டும். ஏழு வாரத்தில் குழு கருத்துச் சொல்ல வேண்டும். உச்ச அளவு ஓராண்டு. காலக்கெடுக்கள் கண்டிப்பானவை. ஆனால் விடுதலை பெரும்பாலும் கிடைப்பது குழுவிடமிருந்து அல்ல, உயர் நீதிமன்ற ஆட்கொணர்வு மனுவிலிருந்து.

அந்த மனுவிலும் படுகை இரண்டாகப் பிளந்திருக்கிறது. 2004இல் மதுரைக் கிளை அமைந்தபோது தஞ்சாவூர் மதுரையோடு சேர்ந்தது. திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையோடு நின்றன. நீடாமங்கலத்துக் குடும்பம் சென்னைக்கும், அதற்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள அம்மாப்பேட்டைக் குடும்பம் மதுரைக்கும் வக்கீல் தேடிப் போக வேண்டும். ஆள் இருப்பதோ இருவருக்கும் திருச்சியில்.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்ததை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தில் பத்துப் பேர் கைதாகித் திருச்சிக்குச் சென்றனர். பிணை கிடைக்க ஆகஸ்டு ஆயிற்று. குறுவை வயலில் இருந்திருக்க வேண்டிய வாரங்கள் அவை. வழக்கின் முடிவு எதுவானாலும் அந்த வாரங்கள் தண்டனையாகவே கழிந்தன.

புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் பிணையில் விட வேண்டும் என்கிறது. மரண தண்டனைக்கும் ஆயுளுக்கும் உரிய குற்றங்கள் விலக்கு. அதற்கான விண்ணப்பத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பும் கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர்மேல் வைக்கிறது. சட்டம் சிறை அதிகாரியைக் கைதியின் சார்பில் எழுதச் சொல்வது அரிதான நல்ல திருப்பம். அதை அவர் செய்தாரா என்பதை மாவட்ட விசாரணைக் கைதிகள் மீளாய்வுக் குழு கேட்க வேண்டும்.

10. வேலூரும் ஒரு கோரிக்கையும்

2024இல் வேலூர் மத்திய சிறை ஆயுள் கைதி ஒருவர் உயர் அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்பட்டதாகவும், திருட்டுக் குற்றம் சுமத்தித் தனிமையில் வைத்துத் தாக்கப்பட்டதாகவும் அவருடைய தாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு செய்தார். நீதிமன்றம் குற்றப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. துறையினர் 14 பேர்மீது வழக்குப் பதிவாயிற்று. குற்றச்சாட்டின் உண்மையை விசாரணை நீதிமன்றம் சொல்லும். பொறுப்புக்கூறலைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது, புகார் வெளியேறிய வழி. சிறைக்குள் புகார்ப் பெட்டி உண்டு, நலஅலுவலர் உண்டு, பார்வையாளர் ஏடு உண்டு, சரகத் துணைத் தலைவர் உண்டு. இவை எதன் வழியாகவும் வராமல், மனு பார்க்கப் போன தாயின் வழியாக அது வந்தது.

1958இல் மணியம்மையார், 1977இல் ஆட்சி மாற்றம், 2024இல் ஒரு பத்திரிகையாளரும் ஒரு தாயும். அறுபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் தமிழ்நாட்டுச் சிறைகள் கணக்குச் சொல்ல நேர்ந்த தருணங்கள் வெளியாளின் பிடிவாதத்தால் வந்தவை. மத்திய அரசு 2023இல் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. அதில் தொழில்நுட்பமும் குறைதீர்ப்பும் பற்றிப் பல பிரிவுகள் உண்டு. பார்வையாளரின் குறிப்பைப் பொதுமக்கள் படிக்க வேண்டும் என்பது இன்னும் யாருடைய முன்னுரிமையும் ஆகவில்லை.

சிறைத்துறை மானியக் கோரிக்கையோடு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படுகிறது. அதன் பின்னிணைப்பாக ஒவ்வொரு சிறைக்கும், கும்பகோணம் மன்னார்குடிக் கிளைச்சிறைகள் உட்பட, அவ்வாண்டு வந்த பார்வையாளர் யார், எத்தனை முறை வந்தார், ஏட்டில் என்ன எழுதினார், அதற்கு என்ன செய்யப்பட்டது என்ற நான்கு பத்திகளைச் சேர்க்க வேண்டும். கைதிகளின் பெயரை மறைத்துவிட்டால் இதில் ரகசியம் ஏதுமில்லை. பார்வையாளர் இடம் காலியாக இருந்தால் அந்தப் பத்தியில் ‘காலி’ என்றே அச்சிடலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஏடு 1894 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஓர் அரசாணை போதும்.